பயோகண்ட்ரோல்: உயிரிவழிக் கட்டுப்பாடு

தொல்லை தரும் ஓர் உயிரினத்தை, அதைத் தின்று வாழும் இன்னோர் உயிரினத்தை விட்டு அடக்கி வைப்பதுதான் பயாலஜிக்கல் கண்ட்ரோல். சுருக்கமாக பயோகண்ட்ரோல். கரும்பு வயலில் முட்டை ஒட்டுண்ணி அட்டை, அதாவது தொல்லைப் பூச்சியின் முட்டையைத் தாக்கும் சிறு குளவிகள் கொண்ட அட்டை, கட்டுவது விவசாயிகள் அறிந்ததே. களைச்செடிக்கு எதிராகவும் பூச்சியை விடலாம் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இத்தனைக்கும் அதன் முதல் வெற்றி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் கிடைத்தது.

முதலில் சொல்லின் வேர். 'பயோஸ்' என்றால் கிரேக்க மொழியில் வாழ்வு. 'கண்ட்ரோல்' கணக்குப்பிள்ளைகளிடமிருந்து வந்தது. ஒரு கணக்குச் சுருளைச் சரிபார்க்க எழுதி வைத்த எதிர்ச் சுருளுக்கு இடைக்கால லத்தீனில் 'கான்ட்ராரோட்டுலஸ்' என்று பெயர். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, சரிபார்ப்பது, அடக்கி வைப்பது என்று பொருள் விரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பூச்சியியலில் 1919இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கலிபோர்னியாவின் ஹாரி ஸ்காட் ஸ்மித்.

சொல்லுக்கு முன்பே செயல் நடந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் கொச்சினீல் என்ற செஞ்சாயம் ஸ்பெயினின் ஏகபோகம். மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளியில் வளரும் பூச்சியை உலர்த்தி எடுப்பது அது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதன்மேல் ஆசை. சென்னையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது வேறோர் இனம். சாயம் மட்டம், கள்ளியையோ உறிஞ்சியே சாகடித்தது. சரி, களையாகப் பரவிய கள்ளியை அழிக்கவாவது இது உதவட்டும் என்று 1836 வாக்கில் தென்னிந்தியாவுக்கும், அப்புறம் 1860களில் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். இலங்கையில் கிடைத்ததை வைத்து விவரித்ததால் அதன் அறிவியல் பெயரிலேயே 'சிலோனிகஸ்' ஒட்டிக்கொண்டது. பூர்வீகம் என்னவோ தென் அமெரிக்கா.

கள்ளி மட்டையில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாகத் தெரிவதுதான் கொச்சினீல் பூச்சி. அந்தப் பஞ்சு, பூச்சி சுரக்கும் மெழுகு. நகத்தால் நசுக்கினால் விரலெல்லாம் ரத்தச் சிவப்பு. பெண்பூச்சிக்கு இறகு கிடையாது; வாயை மட்டையில் குத்தி உட்கார்ந்தால் சாகும்வரை அதே இடம்தான். குஞ்சுகள் காற்றில் மிதந்து அடுத்த கள்ளிக்குப் போகும்.

இந்தப் பூச்சியால் ஒரு கள்ளி இனம் ஒழுங்குக்கு வந்தது. ஆனால் மஞ்சள் பூவும் முரட்டு முள்ளுமாக இன்னோர் இனம் தமிழக நிலங்களில் பரவியது. பழைய பூச்சியால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. 1926இல் வேறொரு கொச்சினீல் இனத்தை இலங்கையிலிருந்து கொண்டுவந்த பிறகே அது அடங்கியது. பூச்சியின் இந்தப் பிடிவாதத்தில்தான் முறையே நிற்கிறது. தான் தின்று வாழும் செடியை, அதாவது ஓம்புயிரைத் தவிர வேறெதிலும் வாய் வைக்காத பூச்சியைத்தான் விட வேண்டும். பார்த்தீனியம் என்ற களைச்செடிக்காக 1983இல் மெக்சிகோவிலிருந்து பெங்களூருக்கு வந்த வண்டு சூரியகாந்தியிலும் தென்பட்டபோது எழுந்த பதற்றம் நியாயமானதே. பூச்சி எந்தெந்தச் செடியைத் தின்னும் என்று பார்க்கும் ஓம்புயிர்ச் சோதனையில் அவசரம் கூடவே கூடாது.

தமிழில் எப்படிச் சொல்வது? பாடநூல்களில் 'உயிரியல் கட்டுப்பாடு' என்று இருக்கிறது. உயிரியல் என்பது படிப்பின் பெயர். வேலை செய்வது உயிரி. ஆகவே 'உயிரிவழிக் கட்டுப்பாடு' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. களைக்கு மட்டும் சொல்ல வேண்டுமானால் 'பூச்சிவழிக் களைக் கட்டுப்பாடு'. செய்திகளில் வரும் 'உயிரியல் ஒழிப்பு' பெருந்தவறு. செடி முழுக்க ஒழிந்தால் அதையே நம்பியிருக்கும் பூச்சிக்கும் சாப்பாடு இல்லை. செடி குறையும்போது பூச்சியும் குறையும். செடி மறுபடி தழைத்தால் பூச்சியும் பெருகும். வெற்றி பெற்ற இடங்களிலும் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். தமிழகச் சாலையோரங்களில் இன்றும் கள்ளி நிற்கிறது, பல மட்டைகளில் அந்த வெள்ளைப் பஞ்சும் இருக்கிறது. அதனால்தான் 'கட்டுப்பாடு' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது என்கிறேன்.