சாமான் பையை முதுகில் மாட்டிக்கொண்டு மலை இறங்காதீர்கள்

போன வியாழக்கிழமை மாலை, கடைக் கதவை இழுத்து மூடப்போகும் நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பின்சீட்டில் ஒரு மவுண்டன் சைக்கிளைத் திணித்திருந்தார்கள். முன் ரிம் பெண்டாகியிருந்தது, ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தது, இடது பிரேக் பிடி முறிந்திருந்தது. கொண்டுவந்தவர் பையனின் அண்ணன். பையன் ஆஸ்பத்திரியில்.

நுவரெலியாவில் இருந்து கம்பளைக்கு இறங்கியிருக்கிறான். லபுக்கலை தாண்டி றம்பொடைக்குப் போகும் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடித்துத் திரும்பும்போது முதுகுப் பை தோளில் இருந்து சறுக்கி ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது. அந்த இழுப்பில் மல்லாக்க விழுந்துவிட்டான். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலைக்கு ஒன்றும் இல்லை. பின்பக்க விலா எலும்பு இரண்டில் வெடிப்பு. பைக்குள் இருந்த சுத்தியலின் மேல் விழுந்ததால் வந்த வெடிப்பு அது.

இந்த வருசத்தில் என் கடைக்கு இப்படி வந்த சைக்கிள் இது நாலாவது. ஹட்டனில் 24 வருசமாக சைக்கிள் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களிடம் வாயால் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன், இனி எழுதித்தான் ஆகவேண்டும்.

அண்ணனிடம் கேட்டு அந்தப் பையைத் திறந்தேன். பக்கத்து மரக்கறிக் கடைத் தராசில் வைத்தோம். பையோடு சேர்த்து 12 கிலோ 300 கிராம். ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு, பூட்டுச் சங்கிலி, இரண்டு பவர் பேங்க், மீன் டின் இரண்டு, ஒரு சோடிச் சப்பாத்து, உடுப்பு. ஆயுதங்கள் என்று பார்த்தால் சுத்தியல், குறடு, பன்னிரண்டு அங்குலத் திருகு ஸ்பெனர் ஒன்று. அந்த ஸ்பெனர் தண்ணீர்க் குழாய் வேலைக்கு உதவும். அவனுடைய சைக்கிளில் முக்கால்வாசி போல்ட் 5 மில்லிமீற்றர் அலன் கீயால், அதாவது ஆறு பக்கம் உள்ள வளைந்த கம்பிச் சாவியால், திருப்ப வேண்டியவை. அலன் கீ ஒன்றுகூட அந்தப் பையில் இல்லை. டியூப் ஒன்று இருந்தது, அதுவும் அவன் சில்லுக்குப் பொருந்தாத அளவு. வழியில் ஹேண்டில் லூசாகியிருந்தால் இவ்வளவையும் சுமந்துகொண்டு தள்ளிக்கொண்டுதான் நடந்திருப்பான்.

இனி, என்னை அதிகம் வேதனைப்படுத்துகிற பேச்சுக்கு வருகிறேன். "அண்ணே, பை முதுகுல இருந்தா சைக்கிளுக்குப் பாரம் இல்லதானே? நான்தானே சுமக்கிறேன்?" வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். படித்தவர்களும் கேட்கிறார்கள். கெரியர் பூட்டினால் சைக்கிள் களைத்துப்போகும், முதுகில் போட்டால் சைக்கிளுக்குத் தெரியாது என்று உண்மையாகவே நம்புகிறார்கள்.

நீங்கள் சுமக்கிறீர்கள், சரி. உங்களை யார் சுமக்கிறார்கள்? சைக்கிள்தானே. பை முதுகில் இருந்தாலும், மடியில் இருந்தாலும், தலையில் இருந்தாலும் அந்த 12 கிலோ கடைசியில் இரண்டு டயர் வழியாகத்தான் ரோட்டுக்குப் போகிறது. பையோடு தராசில் ஏறி நின்றால் முள் உங்களை மட்டும் தனியாகக் காட்டாது.

நம்பாதவர்களுக்குக் கடையில் வைத்தே செய்து காட்டுகிறேன். ஆள் நிறுக்கும் தராசை ஒரு சில்லுக்கு அடியில் வைப்பேன், அதே உயரத்தில் ஒரு பலகையை மற்றச் சில்லுக்கு அடியில் வைப்பேன். ஆளை சீட்டில் ஏற்றி, சுவரைத் தொட்டுக்கொண்டு உட்காரச் சொல்வேன். 62 கிலோ ஆள், 15 கிலோ சைக்கிள், 12 கிலோ பை. பை முதுகில் இருக்கும்போது பின்சில்லில் 54 கிலோவை ஒட்டி வரும். அதே பையைக் கெரியரில் கட்டினால் 58 வரும். பின்னால் கூடிய அந்த நாலு கிலோ முன்சில்லில் அப்படியே குறைந்திருக்கும். இரண்டையும் கூட்டினால் இரண்டு தடவையும் 89தான். கெரியரில் போட்டால் பின்சில்லுக்குக் கொஞ்சம் பாரம் கூடுகிறது என்பதை நான் மறைக்கவில்லை. அதற்குத்தான் பின் டயரில் காற்றைக் கூட்டி அடிக்கிறோம். டயரின் பக்கவாட்டில் எவ்வளவு வரை அடிக்கலாம் என்று அச்சடித்திருப்பார்கள், அந்த அளவைத் தாண்டாமல். ஸ்போக்கும் தொய்வில்லாமல் இருக்கவேண்டும்.

பாரம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் உண்மையான வித்தியாசம். கெரியரின் இரு பக்கமும் தொங்கும் பை சில்லின் நடு அச்சை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கும் கீழே நிற்கிறது. முதுகுப் பை உங்கள் நெஞ்சு உயரத்தில் நிற்கிறது. இறக்கத்தில் முன் பிரேக்கை அழுத்தும்போது மேலே இருக்கும் பாரம் உங்களை ஹேண்டிலுக்கு மேலாகத் தள்ளுகிறது. வளைவில் நீங்கள் உள்பக்கம் சாய்ந்தால் பையும் சாய்கிறது, ஆனால் உங்களோடு சேர்ந்து இல்லை, அரை நொடி பிந்தி. அந்தப் பையன் விழுந்தது அந்த அரை நொடியில்.

இன்னொன்றும் சொல்கிறார்கள். "எங்கம்மா முதுகுல இருபது கிலோ கொழுந்து சுமக்கலியா, எனக்கு இந்தப் பை ஒரு பாரமா?" என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான், அதனால் இதற்கு எனக்குப் பதில் சொல்ல உரிமை இருக்கிறது. அம்மா நடந்தார். கால் வழுக்கினால் நின்றார், தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டார். மணிக்கு நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் முன்னால் குனிந்தபடி, இரண்டு கையையும் பிரேக்கில் வைத்துக்கொண்டு அவர் மலை இறங்கவில்லை. அப்படி நடந்தவருக்கே ஐம்பது வயதில் கழுத்தும் இடுப்பும் என்ன நிலையில் இருந்தன என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். சைக்கிளில் குனிந்திருக்கும்போது முதுகுப் பாரத்தில் ஒரு பங்கு தோள் வழியாகக் கைக்கு வருகிறது. இரண்டு மணி நேரத்தில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். பிடித்த பிரேக் பிடித்ததா இல்லையா என்றே கைக்குத் தெரியாது.

முதுகில் மழைக்கோட்டு, ஒரு பாண் துண்டு, தண்ணீர் என்று இரண்டு கிலோவுக்குள் கொண்டுபோங்கள், நான் தடுக்கவில்லை. இரும்பு மட்டும் வேண்டாம். ஸ்பெனரோ, பம்போ, பூட்டோ முதுகெலும்புக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது.

சரி, எங்கே வைப்பது? பழைய மீன்காரர்களின் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். பெரிய பெட்டி நிறைய மீனை வைத்துக்கொண்டு வருசக்கணக்கில் ஓடினார்கள். அவர்களுடைய கெரியர் தடித்த இரும்புக் கம்பி, கால்கள் இரண்டும் பின் அச்சுக்குப் பக்கத்திலேயே இறுக்கப்பட்டிருக்கும். இன்றைக்கு அழகாக இருக்கிறது என்று வாங்குகிற, சீட் குழாயை மட்டும் கவ்விக்கொண்டு நிற்கும் கெரியர் அந்த வேலைக்கு ஆகாது. அதில் பெரும்பாலும் 9 அல்லது 10 கிலோ என்று எழுதியிருப்பார்கள். ரோட்டுக் குழியில் குதிக்கும்போது அந்த 10 கிலோ 10 கிலோவாகவா இருக்கும்? போன மாதம் நானுஓயாவுக்கும் ராதெல்லவுக்கும் இடையில் அப்படி ஒன்று முறிந்து பின் டயரில் உட்கார்ந்துவிட்டது. ஏற்றத்தில் முறிந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

கீழே இரண்டு கால் உள்ள, 25 கிலோ என்று அடித்திருக்கும் கெரியரை வாங்குங்கள். அதை இறுக்குகிற 5 மில்லிமீற்றர் போல்ட்களில்தான் உங்கள் பயணம் முழுவதும் தங்கியிருக்கிறது. நைலோன் வளையம் வைத்த நட் போடுங்கள், அல்லது போல்ட்டின் புரியில், கழலாமல் பிடித்துவைக்கும் லொக்டைட் பசை ஒரு சொட்டு. தினமும் காலையில் அலன் கீயால் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். நம் ரோட்டின் அதிர்வுக்குக் கழலாத போல்ட் கிடையாது.

பக்கப் பைகள் விலை அதிகம் என்றால் உரப்பையில் தைத்துக்கொள்ளலாம். டவுனில் பை தைப்பவர்களிடம் அளவு கொடுத்தால் தைத்துத் தருவார்கள். சில்லுப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பை உள்ளே வளைந்து ஸ்போக்கில் உரசும். இரண்டு பையையும் தராசில் போட்டுச் சமப்படுத்துங்கள். பாரமானது அடியில், பின் அச்சுக்கு நேராக அல்லது கொஞ்சம் முன்னால். அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தால் ஏற்றத்தில் முன்சில்லு தூக்கும், இறக்கத்தில் வால் ஆடும். பெடல் மிதிக்கும்போது குதிகால் பையில் தட்டுகிறதா என்றும் பாருங்கள்.

கட்டுவதற்குப் பழைய டியூபை இரண்டு விரல் அகல நாடாவாக வெட்டிக்கொள்ளுங்கள், இழுத்துக் கட்டினால் அதைவிட நன்றாக எதுவும் பிடிக்காது. மிஞ்சுகிற நுனியை முடிச்சுக்குள் செருகிவிடுங்கள். கொக்கி வைத்த இழுவைக் கயிறு கழன்று பின்சில்லின் பல்சக்கரமான ஃப்ரீவீலுக்குள் போனதை எத்தனை தடவை வெட்டி எடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. எல்லயில் இருந்து வெல்லவாயவுக்கு இறங்கிய ஒருவரின் மழைக்கோட்டுக் கை அப்படித்தான் பின்சில்லில் சுற்றிக்கொண்டது. காயட்டும் என்று கெரியரில் விரித்துப் போட்டாராம்.

ஹேண்டிலில் எதையும் தொங்கவிடாதீர்கள். குடை, ஹெல்மெட், ஷொப்பிங் பை, எதுவும் வேண்டாம். முன்சில்லில் ஒரு தடவை சிக்கினால் இரண்டாம் தடவை என்று ஒன்று இருக்காது. இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

ஆயுதம் என்று நான் கொண்டுபோவது இவ்வளவுதான்: 4, 5, 6 அளவு அலன் கீ இருக்கும் மடக்குச் சாமான் ஒன்று, டயர் கழற்றும் நெம்பு இரண்டு, ஒட்டுப் போடும் துண்டும் சொலூஷனும், என் சில்லுக்குச் சரியான டியூப் ஒன்று, சின்னப் பம்ப், செயின் பின் கழற்றி, செயினுக்குப் பொருந்துகிற இணைப்புக் கண்ணி, பிரேக் கட்டை ஒரு சோடி, பிரேக் கேபிள் ஒன்று, பழைய டயரில் வெட்டிய விரல் நீளத் துண்டு. சில்லு நட்டில் நிற்கிற சைக்கிள் என்றால் 15 ஸ்பெனர் ஒன்றும் சேரும். எல்லாம் சேர்ந்து ஒன்றரை கிலோவைத் தாண்டாது. அந்த டயர்த் துண்டைப் பார்த்து எல்லாரும் எதற்கு என்று கேட்பார்கள். டயரின் பக்கம் கல்லில் கிழிந்தால் உள்ளே வைத்து டியூப் பிதுங்காமல் ஓட்டி வரலாம். பம்ப் உங்கள் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே அடித்துப் பாருங்கள். 26 அங்குல டியூப் மலையகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும். 700 சைஸ் மெல்லிய வால்வு டியூப் வேண்டும் என்றால் தேடி அலையவேண்டும், ஆகவே இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றை வாய் அகன்ற பிளாஸ்டிக் போத்தல் ஒன்றில் பழைய துணி சுற்றி அடைத்து, கீழ்க் குழாயில் இருக்கும் போத்தல் கூட்டில் வையுங்கள். சத்தமும் வராது, பாரமும் அடியில் இருக்கும்.

பிரேக் சூடாவதைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. நுவரெலியா 1868 மீற்றர், கம்பளை ஏறத்தாழ 500. அந்த உயரத்தில் ஒரு பெரிய பங்கை உங்கள் பிரேக் கட்டைதான் தின்னவேண்டும், சாமானோடு சேர்த்து. புதுக் கட்டை போட்டுவிட்டுப் புறப்படுங்கள். தொடர்ந்து இழுத்துப் பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடியுங்கள். ரிம் பிரேக் என்றால் வழியில் இரண்டு மூன்று இடத்தில் நின்று ஆறவிடுங்கள், ரிம்மைத் தொட்டுப் பார்க்காதீர்கள்.

சாமான் கட்டி முடித்ததும் பத்தடி பின்னால் போய் நின்று சைக்கிளைப் பாருங்கள். பின் லைட் தெரிகிறதா? பாதிப் பேருக்குப் பை மறைத்துவிடுகிறது. றம்பொடைச் சுரங்கத்துக்குள்ளும், பகல் இரண்டு மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும் நானுஓயா ரோட்டிலும் பின்னால் வரும் பஸ்காரருக்கு நீங்கள் இருப்பது அந்த லைட்டால்தான் தெரியும். தயவுசெய்து அதைக் கெரியரின் கடைசிக் கம்பிக்கு மாற்றிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

பையனின் சைக்கிளுக்கு ரிம் மாற்றிவிட்டேன். கால் வைத்த கெரியர் ஒன்றும் பூட்டியிருக்கிறேன், அண்ணன் சம்மதித்தார். நெடும்பயணம் புறப்படுகிற யாராக இருந்தாலும், தம்பிமார் தங்கச்சிமார், சாமான் கட்டிய சைக்கிளை அப்படியே கடைக்குக் கொண்டுவாருங்கள். நிறுத்துப் பார்த்து, போல்ட் தொட்டுப் பார்த்து, டிக்கோயா ரோட்டில் ஒரு சின்ன இறக்கம் ஓடவிட்டுச் சொல்கிறேன். காசு வேண்டாம். புறப்படுகிற அன்று காலையில் வராதீர்கள், இரண்டு நாள் முந்தி வாருங்கள், மாற்றவேண்டியது இருந்தால் மாற்ற நேரம் வேண்டும்.