பனிமேல் ஒரு தரை

ஒட்டாவாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போன ஜனவரியில், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள காட்டினோ பூங்காவில், பூட்ஸ் போட்ட காலைப் புதுப்பனியில் வைத்தேன். முழங்காலுக்கு மேல் உள்ளே போய்விட்டது. எங்கள் பென்னாகரத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் அவரைப் பூவில் முத்து முத்தாக நிற்பது. அதற்குள் ஆள் புதைவான் என்று யார் நினைப்பார்கள்? அக்கா சிரித்துக்கொண்டே ஒரு ஜோடி ஸ்னோஷூவை நீட்டினாள், பனியில் நடக்க பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்ளும் அகலமான சட்டம். மாட்டிக்கொண்டு நடந்தேன். நான்கு விரற்கடைதான் இறங்கியது. அன்று மாலை வரை காட்டை விட்டு வர மனமில்லை.

இரவு போனில் சொன்னபோது அப்பா கேட்டார்: "ஏரிச் சேத்துல பலகை போட்டு நடக்கற மாதிரிதானே அது?"

பாதி சரி. சேறோ பனியோ, புதைவதைத் தீர்மானிப்பது நம் எடை மட்டும் இல்லை, அந்த எடை எவ்வளவு இடத்தில் இறங்குகிறது என்பதும்தான். உடுப்போடு சேர்த்து நான் 65 கிலோ. நடக்கையில் ஒரு கால் தூக்கியிருக்கும் நொடியில் அத்தனையும் ஒரே பூட்ஸின் அடியில், ஏறத்தாழ 250 சதுர சென்டிமீட்டரில் இறங்குகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 260 கிராம். நான் மாட்டிய ஸ்னோஷூ 65 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம். முனை வளைவுகளைக் கழித்தால் சுமார் 1,200 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் 54 கிராமாகக் குறைகிறது, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு.

இதோடு நிறுத்திக்கொண்டால் பனியின் அழகு நமக்குப் பிடிபடாது. ஸ்னோஷூ பனியில் 'மிதக்கிறது' என்கிறார்கள். ஒகேனக்கல் பரிசல் மிதப்பது வேறு: விலக்கிய நீரின் எடை பரிசலையும் ஆட்களையும் தாங்குகிறது. ஸ்னோஷூ அப்படி மிதப்பதே இல்லை. அது ஒவ்வொரு அடியிலும் தனக்கான தரையைத் தானே செய்துகொள்கிறது.

புதிதாக விழுந்த பஞ்சுப்பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. மீதி ஒரு பங்குதான் பனிக்கட்டி, அதுவும் கிளை கிளையாக, ஒன்றையொன்று நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும் படிகங்களாக. மேலே எடை விழுந்ததும் கிளைகள் ஒடிகின்றன, காற்று வெளியேறுகிறது, துகள்கள் நெருங்குகின்றன. நெருங்க நெருங்க அந்த அடுக்குக்குத் தாங்கும் பலம் கூடுகிறது. பலமும் அழுத்தமும் சமமாகும் இடத்தில் கால் நின்றுவிடுகிறது. பூட்ஸ் அழுத்தும் 260 கிராமைத் தாங்க வெகு ஆழம் நசுக்க வேண்டும். 54 கிராமுக்கு நான்கு விரற்கடை போதும். ஏரிச் சேற்றில் இது நடக்காது. அதன் இடுக்கெல்லாம் தண்ணீர். நசுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும், காலைத் தூக்கினால் பின்னால் இழுக்கும்.

நெருங்கிய துகள்கள் சும்மா இருப்பதும் இல்லை. ராகிப் புட்டுக்கு மாவு பிசிறும்போது, பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும் என்பார் அம்மா. பனியோ பிடித்துவைத்த பிறகு உதிர மறுக்கிறது. பனிக்கட்டி எப்போதுமே தன் உருகுநிலைக்கு அருகிலேயே இருக்கும் பொருள். துகள்களின் குவிந்த முனைகளிலிருந்து நீராவி கிளம்பி, இரண்டு துகள் தொடும் இடுக்கில் போய்ப் படிகிறது. தொடுபுள்ளி மெல்லத் தடித்துக் கழுத்தாகிறது. பிடி உருண்டை, சில மணி நேரத்தில் ஒரே கட்டி.

கருவியின் அமைப்பும் எனக்கு மிகவும் பிடித்தது. முன்பாதம் மட்டும் கட்டப்பட்டிருக்கும், குதிகால் விடுதலை. பெருவிரல் மேட்டுக்கு அடியில் ஒரு கீல். காலைத் தூக்கியதும் முனை மேலெழும், வால் தரையில் இழுபடும், மேலே சேர்ந்த பனி பின்பக்கம் சரிந்து விழும். சரிவில் வழுக்காமல் இருக்க அடியில் உலோகப் பற்கள். இப்போது அலுமினியமும் பிளாஸ்டிக்கும். வட அமெரிக்கப் பழங்குடிகள் ஆஷ் மரத்தை வளைத்துச் சட்டம் செய்து, பதப்படுத்தாத தோல் வாரால் வலை பின்னினார்கள். மூங்கிலை வளைத்து முடைந்து தோல் போர்த்திய பழைய பரிசல் நினைவுக்கு வந்தது. இத்தாலியின் ஆல்ப்ஸ் பனியாற்றில் 2003-இல் கிடைத்த பிர்ச் மர ஸ்னோஷூவுக்கு வயது சுமார் 5,800 ஆண்டு.

மனிதருக்கும் முன்பே முயல் இதைச் செய்துவிட்டது. ஓரிடத்தில் அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். அகலமான இரண்டு தடம் முன்னால், சிறிய இரண்டு பின்னால். தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி விழுவதால் அப்படி. ஸ்னோஷூ முயல் என்றே அதற்குப் பெயர். குளிரில் ரோமம் வெளுக்கும், மயிரடர்ந்த பின்பாதம் விரியும். என் விரலளவு ஆழம்கூட அந்தத் தடத்துக்கு இல்லை.

நின்றபோதுதான் அமைதி காதில் விழுந்தது. படிகங்களுக்கு நடுவே உள்ள காற்றறைகள் ஒலியை விழுங்கிவிடுகின்றன. நடந்தால் மட்டும் நறநற. கடுங்குளிரில் துகள்கள் உருகி வழுக்காமல் ஒடிவதால் எழும் ஓசை அது.

மறுநாள் காலை தனியாகப் போனேன். முந்தின நாள் நாங்கள் இருவரும் போய்வந்த தடத்தில் வெறும் பூட்ஸோடு நடந்து பார்த்தேன். குதிகால் மட்டும் ஒரு விரற்கடை இறங்கியது. தடத்தை விட்டு ஓரடி தள்ளிக் கால் வைத்தேன். முழங்கால் வரை போனது.