அரசு மாத்திரையில் ‘பவர்’ இல்லையாம்!

இந்த மாதமும் ஒரு கர்ப்பிணி. ஏழாம் மாதம், ஹீமோகுளோபின் 7.9. “மாத்திரை ஒழுங்கா போடுறியாம்மா?” என்று கேட்டால் தலையாட்டுகிறார். பையைத் திறக்கச் சொன்னால், நாங்கள் கொடுத்த சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை அட்டைகள் ரப்பர் பேண்டுகூடக் கழற்றப்படாமல் அப்படியே கிடக்கின்றன. பக்கத்தில் பளபளவென்று ஒரு தனியார் கம்பெனி அட்டை. பத்து மாத்திரையில் நான்கு தீர்ந்திருக்கிறது. கூட வந்த மாமியார்தான் பதில் சொன்னார்: “கவர்மென்ட்டு மாத்திரையில பவர் இல்லீங்க. டவுன்ல நல்ல கம்பெனி மாத்திரையா வாங்கிக் குடுத்தோம். விலை ஜாஸ்தி, கையில காசு இருக்கிறப்ப வாங்கிக்கிறோம்.”

மருந்தகக் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கும் எனக்கு இந்தப் ‘பவர்’ கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. படிக்காதவர்கள்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். பி.இ. படித்த பெண்ணும் இதையேதான் சொல்கிறார், கொஞ்சம் ஆங்கிலம் கலந்து.

கர்ப்பிணிகளுக்கு நாங்கள் கொடுக்கும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. 2018-ல் வந்த ‘அனீமியா முக்த் பாரத்’ என்ற ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் வகுத்த அளவு இது. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். குழந்தை பிறந்த பிறகும் 180 நாள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இறங்கிவிட்டால் தினம் இரண்டு. 7-க்கும் கீழே போய்விட்டால் மாத்திரையை நம்பி வீட்டில் உட்காரக் கூடாது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டிய நிலை அது.

இப்போது அந்தப் ‘பவர்’ விஷயத்துக்கு வருவோம். கடையில் வாங்கிய அட்டையில் 300 மில்லிகிராம் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது, அரசு மாத்திரையில் 60தான் இருக்கிறது, ஐந்து மடங்கு வித்தியாசமாச்சே என்கிறார்கள். இல்லவே இல்லை. அந்த 300 என்பது இரும்பு உப்பின், அதாவது இரும்பு வேறொன்றோடு சேர்ந்த சேர்மத்தின் எடை. அது முழுக்க இரும்பு கிடையாது. ஃபெரஸ் ஃபியூமரேட் 300 மில்லிகிராம் என்றால் அதில் இரும்பு ஏறக்குறைய 100. அதே 300 மில்லிகிராம் ஃபெரஸ் குளுக்கோனேட் என்றால் இரும்பு வெறும் 35 சொச்சம். அதாவது, 300 என்று போட்ட அட்டையில் எங்கள் மாத்திரையைவிடக் குறைவான இரும்பு இருக்கலாம்! அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் ‘எலிமென்டல் அயர்ன்’, அதாவது உள்ளே இருக்கும் வெறும் இரும்பின் அளவு என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்தான் கணக்கு. முன்பக்கத்து எண்ணும் கம்பெனி பெயரும் கணக்கே இல்லை. இரண்டு அட்டையிலும் உப்பும் எலிமென்டல் அயர்னும் ஒன்றாக இருந்தால், விலை எத்தனை மடங்கு கூடினாலும் உள்ளே போகும் இரும்பு ஒன்றுதான்.

இதைச் சொன்னால் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் என் நண்பர்கள் கோபிப்பார்கள், பரவாயில்லை. நீங்கள் ‘பிராண்டு’ என்று நினைத்து வாங்குகிற பல மாத்திரைகளை அந்தப் பெயருக்குச் சொந்தக்கார கம்பெனி தயாரிப்பதே இல்லை. அட்டையில் ‘தயாரிப்பு’ என்று ஒரு பெயரும் ‘விற்பனை’ என்று வேறொரு பெயரும் இருக்கும். இமாச்சலப் பிரதேசத்தில் பட்டி (Baddi) என்ற ஊரில் ஒரே தொழிற்சாலை பல கம்பெனிகளுக்கு மாத்திரை போட்டுக் கொடுப்பது ஊரறிந்த விஷயம்.

அரசு மாத்திரையைச் சோதிக்க ஆளே இல்லை என்பதும் தவறு. எங்களுக்கு மருந்து அனுப்புவது 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். வந்திறங்கும் ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் தேறிய பிறகுதான் விநியோகம். அப்படியும் தப்பு நடக்காதா என்றால், நடக்கும். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடும் தரம் குறைந்த மருந்துகளின் பட்டியலில் விலை உயர்ந்த பிராண்டுகளும்தான் வருகின்றன. போன தடவை வேறு நிறம், இது டூப்ளிகேட்டா என்று கேட்பவர்களுக்கு: டெண்டர் மாறினால் கம்பெனி மாறும், அட்டையும் மாறும். அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. கடைகளில் ‘அயர்ன் சப்ளிமென்ட்’ என்று விற்பவற்றில் பல மருந்தாகவே பதிவானவை அல்ல, உணவுப் பொருள்கள். அட்டையில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ முத்திரை இருந்தால் அது உணவுக் கணக்கு. ரத்தசோகைக்கு டாக்டர் எழுதிய மாத்திரைக்குப் பதிலாக அதை வாங்காதீர்கள். பிராண்டா, பிராண்டு பெயர் இல்லாத ஜெனரிக்கா என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இந்த முத்திரையைப் பார்ப்பதே இல்லை.

கையைக் கடிக்கிறது என்றால் மக்கள் மருந்தகம் இருக்கிறது, 2025-ல் திறந்த முதல்வர் மருந்தகங்கள் இருக்கின்றன. டாக்டர் சீட்டைக் காட்டி, அதே உப்பு, அதே அளவு என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் பழசையும் புதுசையும் சேர்த்துப் போடாதீர்கள். அரசு மாத்திரை ஒன்று, தனியார் மாத்திரை ஒன்று, மேலே டானிக் என்று மூன்று வேளையும் இரும்பாக விழுங்கிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருபவர்களும் உண்டு.

எந்தக் கம்பெனி மாத்திரையாக இருந்தாலும் டீ, காபியோடு போட்டால் வீண். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே வாயில் போடாதீர்கள். ஒன்று காலை, ஒன்று இரவு. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். மலம் கறுப்பாகப் போவது சகஜம். குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்பது கட்டுக்கதை. இனி என்னிடம் கேட்காதீர்கள். மாத்திரை சிவப்பாக, இனிப்புப் பூச்சோடு இருப்பதால் சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று எடுத்துத் தின்றுவிடும். அது உயிருக்கே ஆபத்து. எட்டாத இடத்தில் வையுங்கள். தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி வரட்டும் என்று உப்புத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காமல், அட்டையோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு சிலருக்குக் குமட்டும், மலச்சிக்கல் வரும், நெஞ்சு எரியும். அதற்காக யாரிடமும் சொல்லாமல் அட்டையைப் பீரோவில் போட்டு வைக்காதீர்கள் தாயி. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பாருங்கள். அப்போதும் முடியவில்லை என்றால் கிராம சுகாதார செவிலியரிடமோ எங்களிடமோ சொல்லுங்கள். வேறு உப்பில் மாத்திரை இருக்கிறது, தேவைப்பட்டால் டாக்டர் ஊசியாகவே ஏற்றுவார். திட்ட மாட்டோம்.