கடைசியில் நிரம்பியதுதான் முதலில் வெளியேறுமா?

இந்த முறை திருத்திய பிளஸ் டூ விடைத்தாள்களிலும், இரும்பின் 2+ அயனிக்கு, அதாவது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த இரும்பு அணுவுக்கு, எலக்ட்ரான்கள் இருக்கும் ஆர்பிட்டால்களான 4எஸ்-இல் 2, 3டி-யில் 4 என்றே பலர் தவறாக எழுதியிருந்தார்கள். அதே மாணவர்கள் நடுநிலை அணுவின் எலக்ட்ரான் அமைப்பைப் பிழையின்றி எழுதியிருக்கிறார்கள் என்பதால், எலக்ட்ரான்களை நிரப்பும் விதிகளான ஆஃபா தத்துவத்தையும் பௌலி, ஹூண்ட் விதிகளையும் இங்கே மறுபடி சொல்லப்போவதில்லை.

பிழைக்குக் காரணம், அயனியின் 24 எலக்ட்ரான்களை எண்ணிக்கொண்டு, ஆர்பிட்டால்கள் நிரம்பும் வரிசையைக் காட்டும் சாய்வு அம்புப் படத்தை வைத்து முதலிலிருந்து நிரப்புவதுதான். அந்தப் படம் தனிமத்துக்குத் தனிமம் எலக்ட்ரான் கூடும் வரிசையைக் காட்டுகிறதே தவிர, ஓர் அணுவுக்குள் எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த வரலாற்றைச் சொல்லவில்லை. இதை அறிந்தவர்களும், கடைசியில் நிரம்பிய 3டி-தான் முதலில் காலியாகும் என்று அடித்துச் சொல்கிறார்கள். பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் 4எஸ் ஆற்றல் குறைந்தது என்பது உண்மை. ஆனால் ஸ்காண்டியத்திலிருந்து, அணுக்கருவின் மின்சுமை கூடுவதால் 3டி ஆற்றலில் 4எஸ்-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஸ்காண்டியத்தையே பாருங்கள்: 3டி-யில் 1, 4எஸ்-இல் 2 உள்ள அந்த அணு இரண்டு எலக்ட்ரான்களை இழந்தபின் எஞ்சுவது 3டி எலக்ட்ரான்தான். ஆகவே முதலில் நடுநிலை அணுவுக்கு எழுதுங்கள். பிறகு வெளிக்கூட்டிலிருந்து, அதாவது 4எஸ்-இலிருந்து, முதலில் நீக்குங்கள். இரும்பு 2+ அயனிக்கு 3டி-யில் 6, அவ்வளவுதான்.

இந்தத் தவறு தன்னை மறைத்துக்கொள்வதுதான் எனக்கு எரிச்சல். தவறான அமைப்பிலும் சரியான அமைப்பிலும் இணையாகாத, அதாவது ஆர்பிட்டாலில் தனித்து நிற்கும், எலக்ட்ரான்கள் நான்கே. அந்த எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடும் காந்தத் திருப்புத்திறன் (காந்தத்தன்மையின் அளவு) இரண்டிலும் 4.90 போர் மேக்னடான் என்ற அலகில் வரும். விடை சரி என்று மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். இரும்பு 3+ அயனியில்தான் குட்டு வெளிப்படும்: 5.92 வரவேண்டிய இடத்தில் 3.87 வந்து நிற்கும். ஆசிரிய நண்பர்களே, இந்தக் கணக்கை 2+ அயனியில் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். துத்தநாக 2+ அயனியில் 4எஸ்-ஐ விட்டுவைத்தால் 3டி-யில் 8 என்றாகி, அது பாராகாந்தத்தன்மை (காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மை) உடையதாகிவிடும். உண்மையில் 3டி 10 எலக்ட்ரான்களுடன் முழுதும் நிரம்பியிருப்பதால்தான் ஆய்வகத்துத் துத்தநாக சல்பேட் வெள்ளையாக இருக்கிறது.

குரோமியத்துக்கும் தாமிரத்துக்கும் 4எஸ்-இல் ஒன்றே என்பதை மறக்காதவர்கள், அந்தச் சலுகையை நிக்கலுக்கும் நீட்டுகிறார்கள். வேண்டாம், நிக்கலுக்கு 3டி-யில் 8, 4எஸ்-இல் 2. தேர்வறையில் அயனி வினா வந்தால், தயவுசெய்து அம்புப் படத்தைத் தொடுமுன் நடுநிலை அணுவின் அமைப்பை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.