வொயிட் காஸ்ட்: வெள்ளை பூத்தல்

கனிமத் துகள்களால் வெயிலைத் தடுக்கும் 'மினரல் சன்ஸ்கிரீன்' க்ரீமைத் தடவியதும் முகம் சாம்பல் பூசியதுபோல் வெளிறித் தெரிவதைத்தான் 'வொயிட் காஸ்ட்' என்கிறார்கள். மாநிறத்திலும் கறுப்பிலும் இது பளிச்சென்று தெரியும்.

தமிழில் எழுதினால் சாதியைக் குறிக்கும் 'காஸ்ட்' போலவே இருக்கும். ஆனால் இரண்டுக்கும் உறவில்லை. சாதிச் சொல் போர்த்துகீசிய 'காஸ்டா'விலிருந்து வந்தது. வொயிட் காஸ்டில் உள்ள 'காஸ்ட்' வந்தது வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் உள்ள வேறொரு 'காஸ்டா'விலிருந்து, அதாவது எறிதல். எறிவது என்ற பொருள் நாளடைவில் மேலே விழும் நிறச் சாயலுக்கும் ஆனது. போட்டோ முழுக்க நீலம் ஏறியிருந்தால் 'கலர் காஸ்ட்' என்பார்களே, அந்தக் காஸ்ட்தான் இது.

தமிழில் 'வெண்படிவு' என்று சொல்லலாம்தான். ஆனால் படிவு என்றால் துடைத்துவிடத் தோன்றும். துடைத்தால் வெள்ளையோடு பாதுகாப்பும் போய்விடும். எனக்குப் பிடித்தது 'வெள்ளை பூத்தல்'. சுவரில் உப்பு பூக்கிறது, நெருப்பில் நீறு பூக்கிறது, வழி பார்த்துப் பார்த்துக் கண்ணும் பூத்துப்போகிறது. மேலே மெல்லப் படர்ந்து உள்ளே இருப்பதை மங்கவைக்கும் எதற்கும் நம்மிடம் இந்த வினை ஏற்கெனவே இருக்கிறது.

பூப்பதற்குக் காரணம் துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும். பின்னது சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்டில் இருப்பதேதான். இந்தத் துகள்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளை தெரிகிறது. புற ஊதாக் கதிரையோ அவை பெரும்பாலும் உறிஞ்சித்தான் தடுக்கின்றன. ஆகவே, வெள்ளையாக இருந்தால்தான் வேலை செய்கிறது என்று நினைக்க வேண்டியதில்லை. துகள் 100 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் பூப்பதும் குறையும்.

சரி, என்ன செய்யலாம்? அளவைக் குறைப்பது வழியல்ல. வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று காட்டும் எஸ்பிஎஃப் எண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவிச் சோதித்துத் தருவது; குறைவாகத் தடவினால் அந்த அளவு பாதுகாப்பு கிடைக்காது. முதலில் மாய்ஸ்சரைசர் போட்டு, அது உலர்ந்த பின் சன்ஸ்கிரீனை இரண்டு தடவையாக மெல்லப் பூசலாம். அதைவிட நல்லது, நம் நிறத்துக்கு ஒத்த 'டின்டட்' வகை. அதில் நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. காலமைன் லோஷனின் இளஞ்சிவப்பும் அதிலிருந்துதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது ஓரளவு தடுப்பதால், மங்கு உள்ளவர்களுக்குக் கூடுதல் பயன். வாங்கும் முன் தாடையோரம் கொஞ்சம் தடவி, கடை விளக்கில் பார்க்காமல் வெளியே வெயிலில் வந்து பாருங்கள்.

தேய்க்கும்போது திரிதிரியாக உருண்டு வந்தால் அது வெள்ளை பூத்தல் அல்ல. அதற்குப் பெயர் 'பில்லிங்'. பெரும்பாலும் கீழே போட்ட க்ரீமோடு ஒட்டாததால் வருவது.