தாய் எலி நக்காவிட்டால் குட்டியின் நொதி என்ன ஆகும்?

சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின் நான்கு மாதம் வரை தாங்கும். ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதிக்கு எலியின் கல்லீரலில் அரை ஆயுளே, அதாவது இருப்பது பாதியாகக் குறையும் நேரமே, 10 முதல் 20 நிமிடம்தான். உற்பத்தி நின்றால் ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி காலி. இத்தனை அற்பாயுசான ஒன்றை உடம்பு ஏன் மெனக்கெட்டுச் செய்கிறது?

அதன் வேலை அப்படி. வைட்டமின் பி6 துணையோடு, ஆர்னிதின் என்ற அமினோ அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றி புட்ரெசினாக மாற்றுகிறது. புட்ரெசினிலிருந்து ஸ்பெர்மிடின், அதிலிருந்து ஸ்பெர்மின். மூன்றுக்கும் பொதுப் பெயர் பாலிஅமின். அழுகும் இறைச்சியின் நாற்றத்தில் புட்ரெசினுக்கும் பங்கு உண்டு; ஆனாலும் உயிருள்ள செல்லுக்கு இந்தப் பாலிஅமின்கள் இல்லாமல் ஆகாது. நேர் மின்சுமை கொண்டவை என்பதால் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. மீது ஒட்டிக்கொண்டு, செல் வளரவும் பிரியவும் உதவுகின்றன. அளவு மிஞ்சினால் அதே செல்லுக்கு நஞ்சு. ஆகவே நினைத்த மாத்திரத்தில் கூட்டவும் குறைக்கவும் முடிகிற நொதிதான் இங்கே தோது.

குறைக்கும் ஏற்பாடு படு சாமர்த்தியமானது. ஆன்டிசைம் என்ற புரதத்தைச் செய்யச் சொல்லும் ஆர்.என்.ஏ. செய்தியின் நடுவிலேயே ஒரு 'நிறுத்து' குறி இருக்கிறது. பாலிஅமின் பெருகினால், செய்தியைப் படிக்கும் ரைபோசோம் ஓர் எழுத்தைத் தாண்டிக் குதித்து, அந்தக் குறியில் நிற்காமல் போய்விடும். முழு ஆன்டிசைம் பிறக்கும். அது நம் நொதியைப் பிடித்து, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமிடம் ஒப்படைத்துவிடும்.

கூட்டுவது பெரும்பாலும் ஹார்மோன்கள். வளர்ச்சி ஹார்மோனை ஊசியில் ஏற்றினால் எலியின் கல்லீரலில் சில மணி நேரத்தில் நொதி எகிறும். சுண்டெலியின் சிறுநீரகத்தில் டெஸ்டோஸ்டிரோன் இதை நூறு மடங்குக்கும் மேல் உயர்த்துகிறது. இத்தனைக்கும் அந்தச் சிறுநீரகச் செல்கள் பருக்கின்றனவே தவிர, பெரிதாகப் பிரிவதில்லை. சுரக்கும் புட்ரெசினில் கணிசமான பங்கு சிறுநீரில் போய்விடுகிறது. இந்த ஊதாரித்தனம் எதற்கு என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

மன அழுத்தத்தின் கதை இன்னும் சுவாரசியம். அட்ரீனல் சுரப்பி விடும் கார்டிகோஸ்டீராய்டு ரத்தத்தில் ஏறினால் கல்லீரலிலும் மூளையிலும் நொதி கூடும், நோய் எதிர்ப்புச் செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பியில் குறையும். ஹார்மோன் ஒன்றுதான், உறுப்புக்கு உறுப்பு பலன் வேறு. நெருக்கடியில் கல்லீரலுக்கு வேலை கூடுகிறது, தைமஸிலோ நோய் எதிர்ப்புச் செல்கள் மடிகின்றன. அதை வைத்துப் பார்த்தால் இது முரணே இல்லை.

குட்டிகளிடம் நடப்பது வேறு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சால் ஷான்பெர்க் குழு 1978-இல் வெளியிட்ட ஆய்வில், பால் குடிக்கும் எலிக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தார்கள். ஓரிரு மணி நேரத்துக்குள் மூளையிலும் இதயத்திலும் நொதியின் செயல்பாடு சரிந்தது. திரும்பத் தாயிடம் விட்டதும் ஏறியது. பசியா, குளிரா என்று பார்த்தார்கள், இரண்டும் இல்லை. மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்த தாயின் அருகில் விட்டும் பயனில்லை. அப்புறம் ஈரமான தூரிகையால் குட்டியின் முதுகில் சற்று அழுத்தி, தாய் நக்குவது போலத் தடவினார்கள். சரிவு நின்றது! குட்டியை ஆட்டினாலும் அசைத்தாலும் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

பிரிந்த குட்டிகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைந்தது உண்மைதான். ஆனால் அதை வெளியிலிருந்து கொடுத்தும் நொதி வழக்கம்போல ஏறவில்லை. திசுக்களே அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தன. இந்தத் தகவல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: சுரப்பைக் கூட்டினால் மட்டும் போதாது, ஏற்றுக்கொள்ளும் திசுவும் தயாராக இருக்க வேண்டும்.

இந்த ஆய்வுகளின் தொடர்ச்சியாகவே 1986-இல் உளவியலாளர் டிஃபனி ஃபீல்டும் ஷான்பெர்க்கும் மற்றவர்களும் குறைமாதக் குழந்தைகளை நாளுக்கு மூன்று முறை, 15 நிமிடம் வீதம் 10 நாள் தடவிவிட்டுப் பார்த்தார்கள். பால் அளவு ஒன்றாக இருந்தும், தடவிய குழந்தைகளின் தினசரி எடையேற்றம் 47 சதவீதம் அதிகம். குழந்தையின் திசுவை வெட்டி நொதியை அளக்க முடியாது என்பதால், அங்கே முக்கியச் சாட்சி எடைதான்.