ஆறு சிலிண்டர்: உருளையும் எந்திரமும்

மதுரையில் எந்தப் பட்டறையிலும் 'ஆறு சிலிண்டர்' என்றால் விளக்கம் கேட்க மாட்டார்கள். பெரிய பஸ், பெரிய லாரி, டீசல் எஞ்சின் எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் வந்துவிடும். அதே 'சிலிண்டர்' வீட்டுக்குள் வந்தால் சமையல் கேஸ். இரண்டும் ஒரே சொல்தான். வடிவத்தைக் குறித்த பெயர். 'ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதுதான் இங்கே கேள்வி.

மூலம் கிரேக்கம். அங்கே உருட்டுவதைச் சொல்லும் வினையிலிருந்து பிறந்த பெயர் அது. லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக நம்மிடம் 'சிலிண்டர்' ஆனது. தமிழில் இதற்கு 'உருளை' என்கிறோம். அதுவும் 'உருள்' என்ற வினையிலிருந்தே வந்தது. உருண்டு போகும் தேரை வள்ளுவர் 'உருள்பெருந்தேர்' என்கிறார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகளும் ஒரே செய்கையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கின்றன. எனக்கு இது பெரிய மகிழ்ச்சி. 'உருளை' ஒட்டுப்போட்ட மொழிபெயர்ப்பு இல்லை, அதே அளவுக்கு வேருள்ள சொல்.

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு பட்டறையில் பழைய பஸ் எஞ்சின் ஒன்றை, ஹெட் என்கிற மேல்மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஒரே வரிசையில் ஆறு வட்டத் துளைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் மேலும் கீழும் ஓடும் கரி படிந்த பிஸ்டன். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்கை மெக்கானிக் அண்ணன் மெல்லத் திருப்பினார். முதல் பிஸ்டனும் ஆறாவதும் சேர்ந்து மேலே வந்தன. இரண்டும் ஐந்தும் ஒரு சோடி, மூன்றும் நான்கும் ஒரு சோடி. "வெடிக்கிற வரிசை என்னண்ணே?" என்றேன். "ஒண்ணு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலு" என்று வாய்ப்பாடு மாதிரி சொன்னார்.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஆறு உருளையிலும் ஒரு முறை டீசல் எரிந்து முடியும். அதாவது 120 பாகைக்கு ஒரு முறை விசை கிடைக்கிறது. ஒரு சோடி மேலே போகும்போது மற்ற சோடிகள் அந்த உலுக்கலைச் சரிக்கட்டிவிடுகின்றன. நாலு சிலிண்டரில் மிஞ்சும் அதிர்வு இதில் இல்லாததற்கு இதுதான் காரணம்.

அப்புறம், பெயரில் வரும் எண்கள். டாடா 697 என்ற எஞ்சின் பெயரில் 6 உருளைகளின் எண்ணிக்கை. 97, உருளையின் உள்விட்டம் மில்லிமீட்டரில். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 128 மி.மீ. ஆறும் சேர்ந்து கொள்ளளவு 5,675 கன சென்டிமீட்டர். மெர்சிடிஸ் பென்ஸின் ஓஎம் 352 எஞ்சினுக்கும் இதே அளவுகள்தான். டாடாவும், மெர்சிடிஸ் பென்ஸைத் தயாரித்த டெய்ம்லர் பென்ஸும் 1954 முதல் 1969 வரை கூட்டாளிகள். 692 என்றால் உள்விட்டம் 92. 497 நாலு சிலிண்டர். பின்னால் 'டிசி' என்று வந்தால் டர்போ உண்டு: வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று உருளைக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். 'டிசிஐசி' என்றால் திணிக்கிற காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலரும் உண்டு. காற்று குளிர்ந்தால் அதே இடத்தில் இன்னும் அதிகம் கொள்ளும். அசோக் லேலண்டின் எச் வரிசை ஆறு சிலிண்டர் ஜப்பானின் ஹினோ நிறுவனம் வழி வந்தது, 5,759 கன சென்டிமீட்டர்.

சரி, எஞ்சினுக்கு என்ன சொல்? 'பொறி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. நல்ல சொல்தான், ஆனால் தீப்பொறியும் பொறிதான். டீசல் எஞ்சினில் தீப்பொறியே கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அழுத்தி 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றி, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் வண்டியில் இருக்கிற ஸ்பார்க் பிளக் இதில் இல்லை. அதைப் போய் 'டீசல் பொறி' என்றால் கற்கிற பிள்ளை குழம்பும்.

என் தேர்வு 'எந்திரம்'. இந்த மண்ணில் பழகிய சொல் அது. ஐங்குறுநூற்றில் 'கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்' என்று ஒரு வரி உண்டு. கரும்பு பிழியும் எந்திரம் போடும் சத்தம், யானையின் பிளிறலுக்கு எதிர்ப்பிளிறலாகக் கேட்கிறது. அப்படிக் கேட்கும் ஊர் தேனூர். மதுரைக்கு மேற்கே, சமயநல்லூர் பக்கம் வைகைக் கரையில் இருக்கிற தேனூர்தான் அது என்பார்கள். எந்திரத்தின் உறுமலைக் கவிதையில் வைத்த ஊர்க்காரர்கள் வேறு சொல்லைத் தேடி ஏன் அலைய வேண்டும்?

'டீசல்' என்ற சொல்லை மட்டும் தொட வேண்டாம். அது ருடால்ஃப் டீசலின் பெயர். 1893-இல் காப்புரிமை பெற்று, 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தன் எந்திரத்தை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். எழுத வேண்டி வந்தால் 'ஆறு உருளை டீசல் எந்திரம்' என்று பிரித்தே எழுதுங்கள். 'அறுவுருளை' என்று ஒட்டினால் வாயில் நுழையாது.